கடலடிச் சேறும் அதனைக் கரைசேர்த்தோரும்

விஞ்ஞான வரலாற்றினை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெயர்களின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். சில துறைகளுக்கு இது பொருந்தலாம். கணிதவியலாளர் ஒருவருக்குத் தாளும் எழுதுகோலும் போதும். தனியறையிலே கதவை அடைத்துக்கொண்டு அவர் ஒரு புதிய தேற்றத்தை நிறுவுதல் கூடும். கடலடி அடையல்களை ஆராய்வோர்க்கு அத்தகைய தனிமை என்றுமே வாய்த்ததில்லை. அவர்கள் காண விழையும் பொருள் 4,000 மீற்றர் நீருக்குக் கீழே, வெயிலே படாத இருளிற் கிடக்கின்றது. அதில் ஒரு தேக்கரண்டி அளவினை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பதற்கு முன்னர்க் கப்பலோட்டியவர், கயிறிழுத்தவர், அடுப்பெரித்தவர், இயந்திரத்துக்கு எண்ணெயிட்டவர், பணங்கொடுத்தவர், அப்பணத்தை உழைத்துத் தந்தவர் எனப் பலருடைய கைகளை அச்சேறு கடந்து வந்திருக்கும். கட்டுரையின் தலைப்பிலே பெயர் பெறுவோர் இவர்களுள் மிகச் சிலரே.

இலங்கையின் கிழக்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் கடலடி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். இமயத்தினின்று கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துக் கொணரும் மண் வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியிற் படிந்து, அங்கிருந்து கடலடிச் சரிவுகள் வழியே கலங்கல் நீரோட்டமாகப் பாய்ந்து, தெற்கே ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தூரம் வரை விரிந்துள்ளது. உலகின் மிகப் பெரிய வண்டல் விசிறி இதுவே. இலங்கையைக் கிழக்கே தழுவிச் சென்று, மத்திய கோட்டையும் தாண்டி அது நீளுகின்றது. வடக்கே அதன் தடிப்புப் பத்துக் கிலோமீற்றரையும் விஞ்சும். தெற்கு நுனியில் மெலிந்து தேய்கின்றது. இமயம் எப்போது உயர்ந்தது, பருவக்காற்று எக்காலத்தில் வலுப்பெற்றது என்னும் வினாக்களுக்கு மலையிலே விடை தேடுவதிலும் இச்சேற்றிலே தேடுவது நன்று. மலை தன் வரலாற்றைத் தானே அரித்து அழித்துவிடுகின்றது. அழிந்ததனை ஏடு ஏடாக அடுக்கி வைத்திருப்பது கடல்.

அந்த ஏட்டைப் புரட்டுவதற்கு முதலில் மனிதவுடலே கருவியாக இருந்தது. மன்னார்க் குடாவின் முத்துப் பார்களை ஆராய்வதற்கு 1902ஆம் ஆண்டில் பேராசிரியர் ஏட்மன் என்னும் கடலுயிரியலாளர் இலங்கைக்கு வந்தார். அவரோடு வந்த ஓர்னெல் அவர் திரும்பிய பின்னரும் இங்கேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார். ஆய்வின் பயனாக ஐந்து பெருந் தொகுதிகள் வெளிவந்தன. ஆயின் எந்தப் பார் பாறை, எது மணல், எதன்மேல் சேறு ஏறிச் சிப்பிகளை மூடிவிட்டது என்பதெல்லாம் அவ்வறிஞர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சுழியோடிகளுக்குத் தெரிந்திருந்தது. காலிலே கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிய அந்தச் சிறுபொழுதிற் கையால் துழாவி, மேலே வந்து அவர்கள் சொன்னதைக் கொண்டே பார்களைப் பார்வையிட்ட அதிகாரிகள் படம் வரைந்தனர். சுழியோடியின் உயிர் தோணியிலிருந்து கயிற்றைப் பிடித்திருந்தவனின் கவனத்திலே தங்கியிருந்தது. கடலடி ஆராய்ச்சியில் ‘உதவியாளர்’ என்னும் சொல்லின் முழுப்பொருளை அறிய விரும்புவோர் அந்தக் கயிறு பிடித்தவனை நினைத்துப் பார்த்தல் தகும்.

ஆழ்கடலுக்கு மனிதவுடல் செல்லாது. அங்கே 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சலஞ்சர்’ என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலே வழிகாட்டியாயிற்று. கப்பலில் இருநூறுக்கு மேற்பட்டோர் இருந்தனர். விஞ்ஞானக் குழுவினரோ ஓவியருட்பட அறுவர். சணற் கயிற்றின் முனையிலே நிறையொன்றையும், நிறையினடியில் ஒரு சிறு குழாயையும் பொருத்தி இறக்குவர். குழாயில் ஒட்டி வரும் சேறே அவர்கள் பெற்ற செல்வம். கயிறு இறங்கவும் ஏறவும் பல மணி நேரம் செல்லும். இவ்வாறு 362 நிலையங்களிற் செய்தனர். விஞ்ஞானிகளுக்கு ஒவ்வொரு நிலையமும் புதுமையாக இருந்தது. கயிற்றை இழுத்த மாலுமிகளுக்கு ஒவ்வொன்றும் முந்தியதைப் போலவே இருந்தது. தூர்வாரும் வலையை ஏவும்போது இரும்புக் கப்பியொன்று தெறித்து இளம் மாலுமி ஒருவன் மாண்டான். சலிப்பினாற் கப்பலை விட்டுத் துறைமுகங்களில் ஓடிப்போனோர் பலர். கப்பற் பண்டசாலையில் உதவியாளனாக இருந்த யோசேப்பு மற்கின் என்னும் இளைஞன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1992இல் நூலாக வந்தன. பேராசிரியர்களின் குறிப்பேடுகளிற் காணாத கப்பலொன்று அக்கடிதங்களிலே தெரிகின்றது. அங்கே சேறு என்பது அறிவின் ஊற்று அன்று. மேற்றளத்தை நாறச்செய்து, மறுபடியும் கழுவவேண்டிய ஓர் அழுக்கு.

கப்பல் திரும்பிய பின்னரே உண்மையான கூட்டுழைப்புத் தொடங்கிற்று. சேகரித்த பொருட்களை நாட்டெல்லை பாராது உரிய அறிஞர்களுக்கு அனுப்பினர். இரேடியோலாரியா என்னும் நுண்ணுயிர்கள் யேனாவிலிருந்த ஏக்கலிடம் சென்றன. பிரித்தானிய இயற்கை அறிவியலாளர் சிலர் இதனை விரும்பவில்லை. தம் நாட்டின் வரிப்பணத்திலே பெற்ற பொருளை அந்நியர்க்குக் கொடுப்பதா என்று முறையிட்டனர். அம்முறையீடு வெல்லாமற் போனது அத்துறைக்கு வாய்த்த நற்பேறு. கடலடி அடையல்களைப் பற்றிய தொகுதி 1891இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியராகச் சேர் யோன் மறேயும் பெல்சிய நாட்டவரான இறெனாட்டும் ஒருங்கே பெயர் பெற்றனர். சிவப்புக் களிமண், குளோபிசெரீனாச் சேறு எனக் கடலடிக்கு இன்றும் வழங்கும் பெயர்கள் பலவற்றை நிலைநிறுத்தியது அத்தொகுதியே.

மறேயின் வாழ்வில் இன்னொரு கிளைக்கதை உண்டு. அது சிறிது நீளமாகச் சொல்லத்தக்கது. கிறித்துமசுத் தீவிலிருந்து கொணரப்பட்ட கல்லொன்றை அவர் சோதித்து, அது தூய பொசுபேற்று எனக் கண்டார். 1888இல் பிரித்தானியா அத்தீவைத் தன்னுடையதாக்கியது. பின்னர் அங்கே பொசுபேற்றுக் கம்பனி தோன்றிற்று. மறே அதன் பங்காளராகிச் செல்வரானார். சலஞ்சர் பயணத்துக்கு அரசாங்கம் செலவிட்ட பணத்திலும் அதிகமானதை அத்தீவிலிருந்து பெற்ற வரியும் உரிமைப் பணமுமாகத் திருப்பித் தந்துவிட்டதாக அவர் பெருமையோடு சொல்வதுண்டாம். 1914இல் அவர் இறந்தபோது கடலாராய்ச்சிக்கென விட்டுச்சென்ற நிதியிலிருந்தே 1933, 1934ஆம் ஆண்டுகளில் ‘யோன் மறே பயணம்’ இந்து சமுத்திரத்துக்குப் புறப்பட்டது. அந்த நிதி எங்கிருந்து வந்தது? தீவிலே பொசுபேற்றை வெட்டியோர் சீனத் தொழிலாளர். 1900க்கும் 1904க்கும் இடையில் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பெரிபெரி நோயால் மாண்டனர். தீட்டிய அரிசியையே உணவாகக் கொண்ட உடல்களில் உயிர்ச்சத்துக் குறைவினால் வரும் நோய் அது. பயணத்தின் அறிக்கைகளில் நன்றி கூறப்பட்டோர் பட்டியலில் அத்தொழிலாளர்க்கு இடம் இருந்திருக்க முடியாது. அக்காலத்து எவர்க்கும் அப்படியொரு தொடர்பு தோன்றியிராது. எனினும் தொடர்பு உண்மையானதே. அரபிக் கடலின் அடிச்சேற்றிலே கரிமமும் நைதரசனும் எவ்வளவு உள்ளன என 1940இல் வெளிவந்த அட்டவணைகளுக்குப் பின்னால் அவர்களும் நிற்கின்றனர்.

அப்பயணத்துக்குக் கப்பல் எகிப்தினுடையது. ‘மபாகிசு’ என்னும் அச்சிறு நீராவிக் கப்பலை எகிப்திய அரசு மாலுமிகளோடு ஈந்தது. தலைவர் சீமோர் சூவெல் பிரித்தானியர். இந்திய விலங்கியல் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்தவர். அப்தல் பத்தா முகமது, உசேன் பௌசி என்னும் எகிப்தியர் இருவர் விஞ்ஞானக் குழுவிற் பங்குகொண்டனர். கப்பலின் மருத்துவராகவும் கடமையாற்றிய பௌசி பின்னாளில் எகிப்தின் புகழ்பெற்ற எழுத்தாளருள் ஒருவரானார். இந்து சமுத்திரத்தில் தாம் கண்டவற்றைத் தற்காலச் சிந்துபாதின் கதையாக எழுதினார். அரேபியக் கரைக்கு அப்பால் குறிப்பிட்ட ஆழத்திலே வலையில் உயிரினம் எதுவும் அகப்படாமல், அழுகிய முட்டை நாற்றமுடைய பச்சைச் சேறு மட்டும் ஏறி வந்தது. ஒட்சிசன் அற்றுப்போன நீர்ப்படையின் அடையாளம் அது. பருவக்காற்றுக்கும் அந்த நாற்றத்துக்கும் உள்ள உறவைப் பின்வந்தோர் விரித்து ஆராய்ந்தனர். குடியேற்ற ஆட்சியின் நிழலிலே நடந்த பயணமாயினும், எகிப்தின் கடலாராய்ச்சி தன் காலில் நிற்பதற்கு அது உதவிற்று என்பதை மறுத்தல் இயலாது. உதவி பெற்றவரே உதவி செய்தவருமானார் என்று இதனைச் சொல்லலாம்.

கருவியின் வரலாற்றை இங்கே விரிக்கவேண்டியதில்லை. வெறுங்குழாயைச் சேற்றில் வீழ்த்தினால் ஓரிரு மீற்றருக்கு மேல் அது இறங்குவதில்லை. சுவீடன் நாட்டுக் குல்லன்பேர்க் குழாயினுள்ளே ஓர் ஆடுதண்டினைப் பொருத்தி, உறிஞ்சும் விசையின் துணையால் 15 மீற்றருக்கும் மேலான மண்தண்டுகளை உடையாமல் எடுக்கும் வழியைக் கண்டார். 1947, 1948ஆம் ஆண்டுகளில் ‘அல்பத்திரோசு’ என்னும் கப்பலிலே அக்கருவி உலகைச் சுற்றியது. கப்பல் ஒரு வணிகக் கப்பற் கம்பனி ஈந்தது. செலவின் பெரும்பகுதி கோதன்பர்க்கு நகரத்துத் தனவந்தர் கொடுத்தது. போரினால் உலகமே களைத்திருந்த காலத்தில் ஒரு சிறு நாட்டின் துறைமுக நகரம் சேற்றுக்குப் பணங்கொடுத்தமை வியப்புக்குரியது.

இதே காலத்தில் நியூயோர்க்கிற்கு அண்மையிலுள்ள இலாமொன்ற் ஆய்வு நிலையத்தின் தலைவர் மொறிசு யூவிங் தம் கப்பல்களுக்கு ஒரு கட்டளை இட்டிருந்தார். எங்கே நின்றாலும், எந்த ஆராய்ச்சிக்காகச் சென்றாலும், நாளொன்றுக்கு ஒரு மண்தண்டு எடுத்தே தீரவேண்டும் என்பதே அது. எதற்காக என்று கேட்டால் உடனடி விடையில்லை. புயலிலும் குளிரிலும் நின்று எடுத்தோர் அதனை எத்துணை முறை சபித்திருப்பர் என்பதை ஊகிக்கலாம். கடல் தன் கட்டணத்தையும் பெற்றது: 1954ஆம் ஆண்டு சனவரியில் ‘வீமா’ என்னும் கப்பலின் மேற்றளத்தினின்று யூவிங் உட்பட நால்வரை அலை வாரிச் சென்றது, முதலாம் துணைத்தலைவர் மீளவில்லை. அந்நிலையத்தின் கப்பல்களிற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். கடலடியின் உலகப் படத்தை வரைந்த மேரி தார்ப்பு 1960களின் நடுப்பகுதி வரை தாம் வரைந்த கடலிற் செல்ல அனுமதிக்கப்படவில்லை. பிறர் கொணர்ந்த ஆழக் கணக்குகளைக் கொண்டு மேசையிலிருந்தே அவர் மலைத்தொடர்களைக் கண்டார்.

அக்கட்டளை என்ன பயன் தந்தது என்பதற்கு 1976ஆம் ஆண்டு சான்று பகர்கின்றது. பனியூழிகள் வந்து போவதற்குப் பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் நிகழும் மாற்றங்களே காரணம் என மிலன்கோவிச் என்னும் சேர்பியர் முன்னரே கணித்திருந்தார், சான்று கிடைக்கவில்லை. எய்சு, இம்பிறி, சக்கிள்டன் என்னும் மூவர் அச்சான்றைத் தேடியபோது புதிதாகக் கப்பல் எதனையும் அனுப்பவில்லை. களஞ்சியங்களிற் கிடந்த மண்தண்டுகளையே துருவினர். இரண்டு அகப்பட்டன, இரண்டும் தென் இந்து சமுத்திரத்தன. ஒன்று ‘றொபேட் கொன்றாட்’ என்னும் கப்பல் எடுத்தது. அது கிடந்த இடம் தென் அகலக்கோடு 43 பாகை, கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 80 பாகை. கொழும்பிலிருந்து நேர் தெற்கே கோடிழுத்தால் அவ்விடத்தைத் தொடலாம். மற்றையது அந்தாட்டிக்கக் கடலில் உழன்ற ‘எல்ற்றானின்’ எடுத்தது, புளோரிடாவிலே வைக்கப்பட்டிருந்தது. முன்னதிலே அண்மைக்காலப் பகுதி செவ்வையாக இருந்தது. பின்னதிலே மேற்பகுதி இல்லை. ஆயின் அது காலத்தால் இன்னும் பின்னோக்கிச் சென்றது. ஒன்றன் குறையை மற்றது நிறைக்க, ஏறத்தாழ 450,000 ஆண்டுகளின் வரலாறு தொடர்ந்து கிடைத்தது. கேம்பிறிச்சிலே ஒட்சிசன் சமதானிகளை அளந்தனர். இலாமொன்றிலே இரேடியோலாரியாக்களை எண்ணினர். பிறவுண் பல்கலைக்கழகத்திலே கணக்கிட்டனர். 100,000, 41,000, 23,000 ஆண்டுகளை அண்மிய சுழற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. மிலன்கோவிச் மறைந்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த மண்தண்டுகளை மேற்றளத்திற் கிடத்திப் பெயரெழுதியவர் எவர்? குளிர்சாதன அறையின் வாடகையைக் கட்டியவர் எவர்? ‘இவற்றை இனியும் வைத்திருக்க வேண்டுமா?’ என்று கணக்காய்வாளர் கேட்டபோது ‘வேண்டும்’ என்று விடையிறுத்தவர் எவர்? இவர்களே அக்கட்டுரையின் நான்காம் ஆசிரியர் எனல் பொருந்தும். களஞ்சியக் காப்பாளரின் தொழிலுக்குப் பரிசில்கள் இல்லை. அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தால் எவருமே அதனைக் கவனிப்பதில்லை.

தனி நிலையங்களின் முயற்சி போதாது என்ற உணர்வு 1964இல் நான்கு அமெரிக்க நிலையங்களை ஒன்று சேர்த்தது. ‘குளோமார் சலஞ்சர்’ என்னும் துளையிடு கப்பல் 1968இற் பணி தொடங்கியது. அதன் மூன்றாம் பயணத்திலேயே அத்திலாந்திக்கின் நடுமலைத்தொடரிலிருந்து அகல அகலக் கடலடியின் வயது கூடிச் செல்வது நிறுவப்பட்டு, கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கை ஐயத்தினின்று மீண்டது. 1970களின் நடுப்பகுதியில் சோவியத் ஒன்றியம், மேற்கு ஜேர்மனி, யப்பான், பிரித்தானியா, பிரான்சு ஆகியன பங்காளராகச் சேர்ந்தன. ஏவுகணைகளை ஒன்றன்மேல் ஒன்று குறிவைத்திருந்த வல்லரசுகளின் விஞ்ஞானிகள் ஒரே மேசையிலிருந்து சேற்றைப் பகுத்தனர். அரசியலார் இதனைப் பெரிதாக விளம்பரப்படுத்தவில்லை. அதுவே ஒருகால் அம்முயற்சி நிலைத்தமைக்குக் காரணமாயிருக்கலாம்.

1985இல் அதன் இடத்தை ‘யொயிடெசு இறெசொலூசன்’ ஏற்றது. எண்ணெய் தேடுவதற்கெனக் கட்டப்பட்டு, பின் ஆய்வுக்கென மாற்றப்பட்ட கப்பல் அது. நீர்மட்டத்துக்கு மேல் 60 மீற்றருக்கும் அதிகமாக உயர்ந்த துளையிடு கோபுரம் தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு அதனை ஓர் எண்ணெய் மேடையாகவே காட்டும். நங்கூரம் எட்டாத ஆழத்திலே, சிறு உந்திகள் பன்னிரண்டின் துணையோடு அது ஒரே இடத்தில் நாட்கணக்காக நிற்கும். கப்பலில் ஏறத்தாழ 120 பேர். அவருள் விஞ்ஞானிகள் கால்வாசி அளவினரே. ஏனையோர் மாலுமிகள், துளையிடுவோர், பொறியாளர், தொழினுட்பவியலாளர், சமையலாளர், சலவை செய்வோர், மருத்துவர். மாலுமிகளிற் பிலிப்பைன்சைச் சேர்ந்தோர் பலர். நாள் இரண்டே பகுதியாகும்: நள்ளிரவு முதல் நண்பகல் வரை, நண்பகல் முதல் நள்ளிரவு வரை. இரண்டு மாதங்களுக்கு ஓய்வுநாள் கிடையாது. ஒன்பதரை மீற்றர் நீளமான மண்தண்டொன்று மேலே வந்ததும் அதனை அறிவிக்கும் குரல் ஒலிபெருக்கியில் எழும். உறங்குவோர் தவிர யாவரும் மேற்றளத்துக்கு விரைவர். ஒன்றரை மீற்றர்த் துண்டுகளாக அதனை அறுத்து, நீளவாக்கிற் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கும் மறுபாதியைக் காப்புக்கும் ஒதுக்குவர். மேல் எது, கீழ் எது என்பதை மூடிகளின் நிறத்தால் அடையாளமிடுவர். களைத்த கையொன்று நள்ளிரவில் மூடியை மாற்றிப் பொருத்திவிடின் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தலைகீழாகிவிடும். பேராசிரியரின் புகழ் அந்தக் கையின் விழிப்பிலே தொங்குகின்றது.

இக்கப்பலுக்குக் கொழும்புத் துறைமுகம் புதிதன்று. 1987ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாளன்று மொறீசியசிலிருந்து வந்த பயணம் அங்கே முடிந்து, வங்காள விசிறியின் தெற்கு நுனியை நாடிய 116ஆம் பயணம் அங்கிருந்தே தொடங்கிற்று. ஓகத்து 19இல் மீண்டும் கொழும்பிலேயே முடிந்தது. இடைப்பட்ட ஏழு வாரங்களில் இந்நாட்டிலே என்ன நிகழ்ந்தது என்பதை எவர்க்கும் நினைவூட்டவேண்டியதில்லை. யூலை 29இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கப்பல் மத்திய கோட்டுக்குத் தெற்கே, 4,700 மீற்றர் நீரின்மேல் நின்று துளையிட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்தோர் எடுத்த சேறு 1 கோடி 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இமயத்தின் மண் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருந்ததைக் காட்டிற்று. உயர்ந்த மலையின்றி அத்தனை மண் வந்திருக்க முடியாது.

2015ஆம் ஆண்டில் அதே கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, வட அகலக்கோடு 8 பாகையை ஒட்டி, அதாவது ஏறத்தாழத் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட அகலக்கோட்டிலே, ஏழு இடங்களிற் துளையிட்டு, மார்ச்சு மாத இறுதியிற் கொழும்பை அடைந்தது. அங்கே ஒரு குழு இறங்க மற்றொன்று ஏறி, அரபிக் கடலை ஆராய்ந்து மும்பாய் சென்றது. அக்குழுவின் இணைத்தலைவர் இருவருள் ஒருவர் இந்தியர். கிழக்குக் கடலில் எடுத்த மணலிலுள்ள பெரிலியத்தின் அரிய சமதானி ஒன்றை அளந்தோர், பனியூழிகளின் ஏற்ற இறக்கத்தினூடேயும் கடந்த 60 இலட்சம் ஆண்டுகளாக இமயத்தின் அரிப்பு ஏறத்தாழ ஒரே அளவாய் நிகழ்ந்து வந்துள்ளது என 2020இல் அறிவித்தனர். பலர் எதிர்பார்த்திருந்ததற்கு இது மாறானது.

கொழும்பு இவற்றிலெல்லாம் ஏற்ற பங்கு யாது? எண்ணெய், குடிநீர், காய்கறி, ஆட்களை ஏற்றியிறக்கும் முகவர், சுங்கக் கடிதங்கள். இவையும் உதவியே, இவையின்றிப் பயணமில்லை. ஆயினும் அத்திட்டத்திலே இந்தியா இணைந்திருக்க, இலங்கை ஒருபோதும் உறுப்பு நாடாகவில்லை. துறைமுகம் கொடுத்த நாட்டுக்கும் ஆய்வுகூடம் கொடுத்த நாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ‘சர்வதேச ஒத்துழைப்பு’ என்னும் இனிய சொற்றொடர் மூடிவிடுகின்றது. வறுமை மட்டுமே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. கடலைச் சுற்றிலும் கொண்ட தீவொன்று, தன் பல்கலைக்கழகங்களிலே கடலைப் பார்க்க முதுகைத் திருப்பியே நெடுங்காலம் அமர்ந்திருந்தது.

இத்தனைக்கும் அச்சேற்றிலே இலங்கைக்குள்ள அக்கறை வெறும் அறிவு வேட்கை அன்று. சர்வதேசக் கடற்சட்ட மாநாட்டின் தலைவராக 1973 முதல் 1980இல் இறக்கும்வரை இருந்தவர் இலங்கையரான செர்லி அமரசிங்க. அம்மாநாட்டின் பயனாக 1982இல் உருவான சமவாயம், கண்டவோரத்தின் வெளியெல்லையை வகுக்கும் முறைகளுள் ஒன்றாக அடையலின் தடிப்பினையே கொண்டது. பொதுவிதியை அப்படியே ஏற்றால் வங்காள விரிகுடாவின் தென்பகுதி நாடுகள் தம் ஓரத்தின் பாதிக்கு மேல் இழக்க நேரும் என்பதால், மாநாட்டின் இறுதி ஆவணத்துடன் ஒரு தனிக்கூற்று இணைக்கப்பட்டது. அதன்படி அடையலின் தடிப்பு 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடம் வரை எல்லையை நீட்டிக் கோரலாம். இலங்கை தன் கோரிக்கையை 2009 மே 8இல் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவிடம் கையளித்தது. வன்னியிலே போர் தன் இறுதி நாட்களில் நின்ற மாதம் அது. ஒரு நாட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு, எவரும் காணாத நீரடியில் எவ்வளவு சேறு கிடக்கின்றது என்பதே சான்றாகின்றது. அச்சேற்றைப் பற்றிய அறிவோ பல தசாப்தங்களாகப் பிறநாட்டுக் கப்பல்கள் சேர்த்து வைத்தவற்றின்மேல் எழுந்தது. அச்சமவாயமே, தன் கடலிலே பிறர் ஆராயும்போது உடன் செல்லவும், மாதிரிகளையும் முடிவுகளையும் கேட்டுப் பெறவும் கரையோர நாட்டுக்கு உரிமை வழங்குகின்றது. உரிமை தானே வந்து கதவைத் தட்டுவதில்லை. கேட்டுப் பெறுவதற்கும், பெற்றதைப் படிப்பதற்கும் ஆட்கள் வேண்டும்.

‘யொயிடெசு இறெசொலூசனின்’ பணி முடிந்துவிட்டது. செலவு ஏறியதையும் பங்காளர் தரும் பணம் போதாமற் போனதையும் காட்டி, ஒப்பந்தத்தை நீடிப்பதில்லை என அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகம் 2023 மார்ச்சில் அறிவித்தது. 2024 ஓகத்தில் இறுதிப் பயணம் நிறைவுற்றது. நாற்பது ஆண்டுகளாகத் துளையிடும் கலையைக் கையாற் பழகியிருந்தோர் கலைந்து சென்றனர். யப்பானும் ஐரோப்பிய நாடுகளும் வேறொரு கூட்டமைப்பை அமைத்துள்ளன. சீனா தன் புதிய துளையிடு கப்பலை 2024 நவம்பரில் பணியிற் சேர்த்தது. கப்பல் கட்டுவதற்குப் பணம் போதும். நள்ளிரவில் குழாயின் அதிர்வைக் கேட்டே கீழே களியா மணலா என உணரும் துளையிடுவோனை உருவாக்குவதற்குப் பணம் போதாது, ஆண்டுகள் வேண்டும்.

எடுத்தவை மட்டும் எஞ்சியுள்ளன. இந்து சமுத்திரத்தின் மண்தண்டுகள் யப்பானிலே கொச்சி நகரத்துக் களஞ்சியத்தில், 4 பாகைக் குளிரில், அட்டிமேல் அட்டியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பயணம் சென்றோர்க்கு முதலுரிமை ஓராண்டு. அதன் பின்னர் எந்நாட்டு ஆய்வாளரும் காரணங்காட்டி எழுதிக் கேட்கலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்பாளர் ஒப்பினால், சில கன சென்ரிமீற்றர் அளவான சேறு சிறு பையிலிடப்பட்டு அஞ்சலில் வரும். ஆய்வு முடிவுகளை வெளியிடவேண்டும், மிஞ்சியதைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பனவே நிபந்தனைகள். 1987இற் கொழும்பிலிருந்து சென்ற கப்பல் எடுத்த தண்டுகளும் அங்கேதான் உள்ளன. அவற்றின் ஆய்வுப் பாதியிலே பலருடைய கரண்டிகள் பட்ட குழிகள் நிறைந்துள்ளன. காப்புப் பாதி, பிளந்த நாளில் இருந்தவாறே கிடக்கின்றது.